விமானம் இறங்கும் இடத்தில் வாலிபால்!

சாயங்காலம் ஆனால் துவாலு மக்கள் கிளம்பிப் போவது ஏர்போர்ட்டுக்கு. ஊருக்குப் போக அல்ல, விளையாட! தலைநகர் ஃபுனாஃபுட்டியில் அகலமான வெட்டவெளி விமான ஓடுபாதை மட்டும்தான். வாரத்தில் சில நாள்களே விமானம் வரும். சைரன் ஒலித்தால் எல்லாரும் ஒதுங்கிவிடுவார்கள். மற்ற நேரத்தில் அங்கே வாலிபாலும் ரக்பியும் அமர்க்களப்படும். புழுக்கம் தாங்காத இரவுகளில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் போட்ட பாதை அது.

ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே, பசிபிக் கடலில் ஒன்பது குட்டித் தீவுகள். மொத்தமே 26 சதுர கிலோமீட்டர். சுமார் 11,000 பேர். 1978-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. ‘துவாலு’ என்றால் ‘எட்டும் சேர்ந்து நிற்பது’. ஒன்பதாவது தீவில் பிற்பாடுதான் நிரந்தரமாகக் குடியேறினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை!

பவளப்பாறை மண்ணில் நெல், கோதுமை எதுவும் வராது. ஆறும் கிடையாது; குடிக்க மழைநீர்தான். அதனால் நிலத்தடி நன்னீர் தட்டுப்படும்வரை குழி தோண்டி, இலை தழை போட்டு, ‘புலாகா’ என்ற கிழங்கை வளர்க்கிறார்கள். நம் சேப்பங்கிழங்குக்கு உறவு. இந்தக் குழிகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் குடும்பச் சொத்து.

இப்போது வினை அங்கேதான். கடல் மட்டம் உயர உயர, உப்புநீர் அடியிலிருந்து ஊறிக் குழிக்குள் வருகிறது. கிழங்கு அழுகுகிறது. கரையை அலை தொடும் முன்பே சமையலறையைத் தொட்டுவிட்டது கடல்!

2023-ல் ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு, குடும்பத்தினரையும் சேர்த்தால் நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். நிலம் மூழ்கினாலும் துவாலு ஒரு நாடாகவே நீடிக்கும் என்பதையும் அந்த ஒப்பந்தம் ஏற்கிறது. அதன் பெயர் ‘ஃபலேபிலி’. பக்கத்து வீட்டுக்காரரைத் தன் வீட்டாராக எண்ணிக் கவனித்துக்கொள்ளும் துவாலு வழக்கம் அது.

பெயர் கொடுத்தவர்கள் எல்லாம் ஊரை வெறுத்தவர்கள் அல்லர். பிள்ளைகளின் படிப்பு, வேலை, மருத்துவம்... நாம் வெளியூர் போகும் அதே காரணங்கள்தான். ஒரே ஒரு வித்தியாசம். நமக்குத் திரும்பி வர ஊர் இருக்கும். அவர்களுக்கும் இருக்க வேண்டும்!