வென்டிலேட்டரிலிருந்து விடுபடுதல்: சுவாசத் தசைகளின் தளர்ச்சியும் குடும்பத்தினர் அறிய வேண்டியவையும்

கோவிட் பெருந்தொற்றின்போது வென்டிலேட்டர் எனப்படும் செயற்கை சுவாசக் கருவி நாடெங்கும் பேசுபொருளானது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 கருவிகளுக்காக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எத்தனை கருவிகள் உள்ளன என்பதே அன்றைய கேள்வி. கருவியில் இணைக்கப்பட்டவர் எவ்வளவு விரைவாகவும் பாதுகாப்பாகவும் தாமாக மூச்சுவிடத் தொடங்குகிறார் என்பதே இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கொல்லிமலையின் வளப்பூர் நாடு போன்ற மலைப்பகுதிகளுக்கு இக்கேள்வி மிக நெருக்கமானது. பூச்சிக்கொல்லி நஞ்சும் பாம்புக்கடியும் உழவர் குடும்பங்களை அச்சுறுத்துபவை. இரண்டும் சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்ய வல்லவை. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. எனினும், காரவள்ளி சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு வரும் குடும்பம், வேலையையும் வீட்டையும் விட்டு நாள்கணக்கில் மருத்துவமனை வாயிலில் காத்திருக்க நேரிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிந்திருந்தால் அக்காத்திருப்பில் தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம்.

சுவாசத் தசைகள் ஏன் தளர்கின்றன?

மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானமே மூச்சிழுக்கும் முதன்மைத் தசை. பிறந்த நொடியிலிருந்து ஓயாது உழைக்கும் இத்தசை, வேலையை முழுவதும் கருவி ஏற்றுக்கொண்டால் விரைவாக மெலிகிறது. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் கருவியில் இருந்த 14 பேரின் உதரவிதானத் தசையிழைகள் ஆராயப்பட்டன. சில மணி நேரம் மட்டுமே கருவியில் இருந்தவர்களோடு ஒப்பிடுகையில் அவ்விழைகளின் பருமன் பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தது. கைகால் தசைகள் வாரக்கணக்கில் இழக்கும் வலுவை உதரவிதானம் சில நாள்களிலேயே இழக்கக்கூடும்.

கிருமித்தொற்று, ஊட்டச்சத்துக் குறைவு, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் குறைதல், நீண்ட நேர உறக்க மருந்து ஆகியவையும் தளர்ச்சியைக் கூட்டும். அதே வேளையில், போதிய உதவியின்றித் தசையை மிகையாக உழைக்கச் செய்தாலும் அது சேதமுறும். ஆகவே உதவியை அளவறிந்து கூட்டுவதும் குறைப்பதும் சிகிச்சையின் முக்கியப் பகுதியாகும்.

பூச்சிக்கொல்லி நஞ்சும் பாம்புக்கடியும்

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உட்சென்றவர், முதல் நாள் சிகிச்சைக்குப் பின் தெளிந்து பேசலாம். ஆனால் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசைகளும் பின்னர் சுவாசத் தசைகளும் தளரக்கூடும். ‘இடைநிலை நோய்க்குறி’ எனப்படும் இதனை இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் விவரித்தனர். தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாமை இதன் முன்னறிகுறி. ‘நன்றாகப் பேசுகிறார்’ என்று கருதி இரண்டாம் நாளே மலைக்கு அழைத்துச் செல்வது உயிருக்கே ஆபத்தாகும்.

கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது. கண் இமைகள் சரிந்து, விழுங்க இயலாமல் போய், பின்னர் மூச்சு தடைப்படும். இங்குத் தசை அழிவதில்லை; நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையே தடைப்படுகிறது. நரம்பு முனைகள் மீளும் வரை கருவி துணை நின்றால் பெரும்பாலோர் தாமாக மூச்சுவிடும் நிலைக்குத் திரும்புவர்.

கருவியிலிருந்து விடுவிப்பது எவ்வாறு?

மூலநோய் தணிந்து, இரத்த அழுத்தம் நிலைத்து, ஆக்சிஜன் தேவை குறைந்து, நோயாளி விழித்திருந்தால், ‘தன்மூச்சுச் சோதனை’ செய்யப்படும். கருவியின் உதவியை மிகவும் குறைத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை அவரைத் தாமாக மூச்சுவிட விடுவர். மூச்சு வேகம், நாடித்துடிப்பு, வியர்வை, ஆக்சிஜன் அளவு ஆகியவை கண்காணிக்கப்படும். தேறினால், இருமும் வலுவையும் பார்த்தபின் குழாய் அகற்றப்படும். தேறாவிட்டால் தசைகளுக்கு ஓய்வளித்து, காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து, பொதுவாக மறுநாள் மீண்டும் முயல்வர்.

1996இல் வெளியான 300 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், நாள்தோறும் இவ்வாறு மதிப்பிட்டுச் சோதித்தபோது கருவியில் இருந்த காலம் 6 நாள்களிலிருந்து 4.5 நாள்களாகக் குறைந்தது. இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ‘இன்று இவரால் தாமாக மூச்சுவிட இயலுமா?’ என்று ஒவ்வொரு காலையும் கேட்கும் ஒழுங்கும், அருகிருந்து கவனிக்கும் செவிலியரும், பயிற்சியளிக்கும் இயன்முறை மருத்துவரும் போதும். கருவிகளை வாங்குவதற்கு இணையாக இப்பணியாளர்களுக்கும் பயிற்சிக்கும் முதன்மை தரப்பட வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

இது சிகிச்சையைக் கைவிடுவது அன்று

‘கருவியை எடுக்கப் போகிறோம்’ என்றதும் பல குடும்பங்கள் ‘இனி நம்பிக்கை இல்லை’ என்று பொருள் கொள்கின்றன. அது சரியன்று, தன்மூச்சுச் சோதனை குணமடைதலின் ஒரு படி. அதேபோல, குழாய் அகற்றியவர்களுள் 100 பேருக்கு 10 முதல் 20 பேருக்கு அதனை மீண்டும் பொருத்த நேரிடுவதுண்டு. அதனைத் தோல்வியாகக் கருதி நோயாளியை அழைத்துச் செல்ல வேண்டாம். நெடுநாள் உதவி தேவைப்படுவோருக்குக் கழுத்தில் சிறு துளையிட்டுக் குழாய் பொருத்தப்படலாம். பெரும்பாலோருக்கு இது தற்காலிக ஏற்பாடே.

குடும்பத்தினர் செய்யத்தக்கவை

• ‘இன்று தன்மூச்சுச் சோதனை உண்டா? இல்லையெனில் எது தடை?’ என்று நாள்தோறும் மருத்துவரிடம் கேளுங்கள்.
• பார்வை நேரத்தில் நோயாளியின் பெயர் சொல்லி அழைத்து, நாளையும் இடத்தையும் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள்.
• முன்பிருந்த ஆஸ்துமா, காசநோய், புகைப்பழக்கம், உண்டுவந்த மருந்துகள் ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள்.
• பூச்சிக்கொல்லி உட்சென்றிருந்தால் அதன் புட்டியையோ பெயர்ச்சீட்டையோ உடன் கொண்டு வாருங்கள்.
• மருத்துவர் ஒப்புதலின்றி வாயால் உணவோ நீரோ புகட்டாதீர்கள். குழாய் அகற்றியபின் சிலருக்கு விழுங்குதல் சீராகச் சில நாள்கள் ஆகும்.
• வீடு திரும்பியபின் மூச்சுப் பயிற்சியையும் புரதம் மிக்க உணவையும் தொடருங்கள். மேட்டுப் பாதையில் நடப்பதைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மூச்சுத்திணறல், காய்ச்சல், குரல் கம்மிய இரைச்சலான மூச்சு ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாமல் 108 ஊர்தியை அழையுங்கள்.

வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை. உடல் மீள்வதற்கான கால அவகாசத்தையே பெற்றுத் தருகிறது. அந்த அவகாசம் தேவைக்கு மேல் ஒரு நாளும் நீளாமலும், தேவைக்கு முன் ஒரு நாளும் குறையாமலும் காப்பது மருத்துவக் குழுவும் குடும்பமும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.