மதுராபதி கூற்று: பாத்திரமொழியா, ஆசிரியர் தீர்ப்பா?

கிரேக்க அவல நாடகங்களில் தெய்வங்கள் மேடையேறிப் பேசும் பாத்திரங்களாவர். கி.மு. 428இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தை அஃப்ரோடைட்டி தொடங்கிவைக்கிறாள். இறுதியில் ஆர்ட்டெமிஸ் தோன்றி உண்மையை உரைக்கிறாள். இருவருமே தத்தம் சார்பில் நின்று பேசுபவர். சிலப்பதிகாரக் கட்டுரை காதையின் மதுராபதியை நாம் இவ்வாறு படிப்பதில்லை. கோவலன் கொலைக்கு முற்பிறப்பு வினையே காரணம் என்ற அவள் கூற்றை இளங்கோவடிகளின் தீர்ப்பாகவே கொண்டுவிடுகிறோம். இது மறுஆய்வுக்குரியது.

அவள் பாண்டியர் குலதெய்வம்; வழக்கில் ஒரு தரப்பினள். கண்ணகியின் முன் நிற்க இயலாது பின்புறமாகத் தோன்றித் தன் குறையைக் கேட்குமாறு வேண்டுகிறாள். தீர்ப்பு வழங்குவோர் நிற்கும் நிலை இதுவன்று. பாண்டியர் நீதிக்குச் சான்றாக அவள் கூறும் வார்த்திகன் கதையும் நோக்கத்தக்கது. ஐயை கோயிற்கதவு அடைபட்டது கண்டு மன்னன் பிழையுணர்ந்தான் என்பது அவள் வாதம். ஆனால் குற்றமற்றவனை அரச ஊழியர் முன்பும் சிறைப்படுத்தியுள்ளனர் என்பதும் அதே கதையால் வெளிப்படுகிறது. சான்று, கூறியவளுக்கே எதிராகத் திரும்புகிறது. ஆசிரியர் இதனை அறியாமல் அமைத்திருப்பார் எனக் கொள்வது கடினம்.

'மீடியா' நாடக முடிவில் பொறியின் துணை நாடப்பட்டதைக் குறைகூறும் அரிஸ்டாட்டில், மாந்தர் அறியவியலாத முன்நிகழ்வையும் பின்நிகழ்வையும் உரைக்கத் தெய்வம் வருவதை ஏற்பார். மதுராபதி உரைப்பன சங்கமன் கொலையும் பதினான்கு நாளில் நிகழவிருப்பதுமே. வழக்கோ அதற்கு முன்பே, சிலம்பின் பரல் முத்தா மணியா என்ற மானிடச் சான்றால் முடிந்துவிட்டது. அக்கினித் தேவனும் கண்ணகியின் ஏவல் கேட்டே எரிக்கிறான்.

பதிகமே ஊழ்வினையை நூற்பொருளாகக் கூறுகிறதே எனலாம். உண்மை, ஆயின் அரசியலில் பிழைத்தவர்க்கு அறமே கூற்றுவனாகும் என்பதையும் அது உடன்வைக்கிறது. ஒன்றைக் கொண்டு மற்றதை அழித்தல் முறையன்று.

காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாடு புகுந்தோர் தம் முன்னோர் என்பது நகரத்தார் மரபு. தேவகோட்டையில் இக்காதையைப் பாடம் சொல்லும்போது இவ்வினா கூடுதல் கூர்மை பெறுகிறது: புகலளித்த நாட்டின் தெய்வம், அந்நாட்டில் கொலையுண்ட புகார் வணிகனின் மனைவியிடம் அரசனுக்காக வாதாடுகிறது. கண்ணகி அதற்கு மறுமொழியாக, கணவனைக் காணும்வரை இருத்தலும் நிற்றலும் இலேன் என்கிறாள். மன்னனை மன்னித்ததாக ஒரு சொல்லும் அம்மறுமொழியில் இல்லை.