ஆர் வந்தாலும் ஒண்டுதானா?

ஒவ்வொரு ஜனவரி இறுதியிலும் மகிழடித்தீவில் விளக்கேற்றுகிறார்கள். 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியை விசேட அதிரடிப் படை சுற்றிவளைத்தபோது கொல்லப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்டோருக்கான விளக்கு அது. அவர்களில் பலர் இறால் பண்ணையில் கூலிக்கு நின்ற பொடியன்கள். வாவிக் காற்றில் சுடர் நிற்காது. ஒரு கையில் தீக்குச்சியும் மறுகையைக் குவித்துக் காற்றுக்கு மறைப்புமாக, அணைய அணையத் திரும்பக் கொளுத்துகிற அந்தத் தாய்மார் இப்போது கூனிப் போனார்கள். சிலர் பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முந்திய இன்னொரு ஜனவரி இறுதியைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே இல்லை. அது கொழும்புக்காரர் சங்கதி என்று விட்டுவிட்டோம். இரண்டு ஜனவரிகளுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் கருதுகிறோம். அதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

1962 ஜனவரி 27, சனிக்கிழமை. மக்கள் வாக்கால் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசை அன்றிரவே கவிழ்க்க இராணுவத்திலும் கடற்படையிலும் பொலிஸிலும் மூத்த அதிகாரிகள் சிலர் திட்டமிட்டிருந்தார்கள். கேர்ணல் எப். சி. டி சேரம், கேர்ணல் மொரிஸ் டி மெல், கடற்படையின் முன்னாள் தளபதி றொய்ஸ் டி மெல், பிரதிப் பொலிஸ் மா அதிபர் சி. சி. திசாநாயக்க என்று பெயர்கள் நீளும். அமைச்சர்களையும் இடதுசாரித் தலைவர்களையும் வீடு வீடாகப் போய்த் தூக்குவது, நாடாளுமன்றத்தைக் கலைக்க வைப்பது, பிறகு தாங்கள் விரும்பிய ஆட்சியை அமர்த்துவது என்பது ஏற்பாடு. கொழும்பின் உயர்ந்த பாடசாலைகளில் படித்து, ஒரே கிளப்பில் குடித்து, ஒரே மைதானத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள். டி சேரம் இலங்கை அணிக்கே தலைமை தாங்கியவர்.

சதி வெளிப்பட்டது ஒரு குடும்பத்துக்குள். பொலிஸ் அத்தியட்சகர் ஸ்ரான்லி சேனநாயக்கவையும் இதில் சேர்க்கப் பார்த்தார்கள். அவர் விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அவள் தகப்பனிடம் சொன்னாள். தகப்பன் பி. டி எஸ். குலரத்ன, நாடாளுமன்ற உறுப்பினர். அவர் பொலிஸ் மா அதிபரிடம் போனார். விடியுமுன் கைதுகள் தொடங்கிவிட்டன. ஒரு வேட்டும் தீரவில்லை. சனம் ஞாயிறு காலை எழும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தச் செய்தி மட்டக்களப்புக்கு வந்தபோது இங்கே நிலைமை என்ன? ஓராண்டு பின்னே போக வேண்டும். 1961 ஜனவரி முதலாம் திகதி சிங்களம் மட்டும் நிர்வாக மொழியாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. மட்டக்களப்பும் எழும்பியது. புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் வாசலில், பங்குனி வெயிலில், வாவியின் கிழக்கே எழுவான்கரையாரும் மேற்கே படுவான்கரையாரும் ஒன்றாக இருந்தார்கள். முஸ்லிம்களும் வந்து சேர்ந்தார்கள். அலுவலகம் வாரக்கணக்கில் முடங்கியது. அரசு பேச வரவில்லை. ஏப்ரல் 17இல் அவசரகாலச் சட்டத்தைப் போட்டுப் படையை அனுப்பியது. வாசலில் இருந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். தலைவர்களைப் பனாகொடை முகாமில் ஏறத்தாழ ஆறு மாதம் விசாரணையின்றி அடைத்தார்கள். இங்கே வாசலில் இருந்த அந்த ஏப்ரலிலேதான் மட்டக்களப்பு மாவட்டம் துண்டாடப்பட்டு அம்பாறை தனி மாவட்டமானது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்படி வாசலிலிருந்து தூக்கி எறியப்பட்ட ஒருவனிடம் போய், உன்னைத் தூக்கிய படை இப்போது உன்னைத் தூக்கச் சொன்ன அரசையே தூக்கப் பார்த்தது என்றால், அவன் நெஞ்சில் என்ன எழும்பும்? 'அவங்கட ஆமி அவங்களயே புடிக்கப் பாத்திருக்கு' என்ற ஒரு வரி எழும்பும். அதில் ஒரு சின்ன நிறைவும் இருக்கும். அவனைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. வாக்குப்போட்டுத் தெரிந்தெடுத்த அரசு தன் குடிகளோடு துவக்கு முனையில் பேசினால், அந்தத் துவக்கு தன் பக்கம் திரும்பும் நாளில் அந்தக் குடிகள் ஓடிவந்து காப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த அதிகாரிகளுக்கும் அந்தத் துணிவு வெறுமனே வரவில்லை. 1958 கலவரத்திலும் 61இலும் நாட்டை நடத்துவதற்குத் தாங்கள்தான் தேவை என்று அரசே அவர்களுக்குப் படிப்பித்திருந்தது. 62 ஜனவரி வேலைநிறுத்தங்களுக்கும் அவர்களைத்தான் அழைத்தது.

ஆனால் 'நமக்கென்ன' என்ற அந்த நினைப்பு எவ்வளவு பிழை என்பது பிறகு தெரிந்தது. ஆட்சியைப் பிடிக்காமல் போன அந்தச் சதியின் விளைவு இரண்டு வழியாக இந்த வாவிக்கரைக்கு வந்தது.

ஒரு வழி, படையின் நிறம். குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரும் கிறிஸ்தவர்கள். பாதிப்பேர் சிங்களவர், மற்றப் பாதி தமிழரும் பறங்கியரும். தெற்கில் இதற்கு எழுந்த எதிர்வினை ஒன்றுதான்: சிறுபான்மையாரிடம் துவக்கைக் கொடுத்தால் இதுதான் நடக்கும். சிங்கள அதிகாரிகள் அத்தனை பேர் அதில் இருந்ததை யாரும் கணக்கெடுக்கவில்லை. இலங்கையரில் முதல் இராணுவத் தளபதியாக இருந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். அப்படிப்பட்ட ஓர் இராணுவத்தில், 1962க்குப் பிறகு தமிழர் சேர்ப்பு அருகிக்கொண்டே போனது. ஒரே இனத்தவரால் ஆன படையும் பொலிஸும் உருவாகின. இது 62இல் மட்டும் தொடங்கியதல்ல, சிங்களம் மட்டும் சட்டம் வந்த 56இலேயே விதை இருந்தது; ஆனாலும் அந்த இரவு அதற்கு நல்ல சாட்டாகக் கிடைத்தது. 1987இல் மண்முனைத் துறை கடந்து படுவான்கரைக்குள் யார் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நம் கிழவியின் அழுகை புரியும் மொழி தெரிந்திருந்தது என்று கேட்டால், விடையின் ஒரு நுனி 1962இல் கிடக்கிறது.

மற்ற வழி, சட்டம். இதைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிடிபட்டவர்களைத் தண்டிக்க இருந்த சட்டம் போதாது என்று, 1962 மார்ச்சில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை ஜனவரி முதலாம் திகதியிலிருந்தே செல்லும் என்று பின்னோக்கி நீட்டினார்கள். விசாரிக்கும் நீதியரசர்களை அமைச்சரே தெரிவுசெய்வார், யூரி இல்லை, பொலிஸ் காவலில் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்கலாம், குறைந்தது பத்தாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல். முதலில் அமர்ந்த நீதியரசர்கள், அமைச்சர் தெரிவுசெய்த நாங்கள் விசாரிக்க மாட்டோம் என்று எழும்பிப் போனார்கள். இரண்டாவது அமர்வும் கலைந்தது. மூன்றாவது அமர்வு 1965 ஏப்ரலில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. அவர்கள் லண்டன் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கழகம் அந்தச் சட்டமே செல்லாது, நாடாளுமன்றம் நீதிமன்றத்தின் வேலையைத் தன் கையில் எடுத்துவிட்டது என்று சொல்லி எல்லோரையும் விடுவித்தது. சரியான தீர்ப்பு. ஒரு குற்றவாளி தப்பினாலும் பரவாயில்லை, ஆளைப் பார்த்துச் சட்டம் எழுதக் கூடாது.

1971இல் கோமறைக் கழகத்துக்குப் போகும் வழி அடைக்கப்பட்டது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் மறுபடி சாட்சியமானது. கேர்ணல்மாருக்கு ஆகாது என்று தள்ளுபடியான ஏற்பாடு செங்கலடிப் பொடியனுக்கும் வாழைச்சேனைப் பொடியனுக்கும் ஆகும் என்றானது. அவர்களுக்கு லண்டனும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

இத்தனையும் பழங்கதை என்று சொல்வோருக்கு 2018ஐ நினைவூட்டுகிறோம். ஒக்டோபர் 26 வெள்ளிக்கிழமை இரவு, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்சவை அந்தக் கதிரையில் இருத்தினார். துவக்கு வெளியே வரவில்லை. அரசியலமைப்பைக் கொண்டே செய்த கவிழ்ப்பு அது. மறுநாள் காலை தேத்தண்ணிக் கடையில் நாம் கேட்டது இன்றும் காதில் கிடக்கிறது. வட்டை வேலைக்குப் போக வந்திருந்த ஒரு பெரியவர், சுடச்சுடக் கோப்பையை ஊதிக்கொண்டு சொன்னார்: "ஆர் வந்தாலும் நமக்கு ஒண்டுதான் மனே." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நாமும் மறுத்துப் பேசவில்லை. அன்று பேசாமல் வந்ததற்காக இன்றும் மனம் உறுத்துகிறது.

ஒரு கிழமைக்குள், மட்டக்களப்பு மக்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போட்ட வாக்கால் நாடாளுமன்றம் போன ச. வியாழேந்திரன் அந்தப் பக்கம் தாவிப் பிரதி அமைச்சரானார். அதற்குத்தான் சனம் கொதித்தது. நம் வாக்கு விற்கப்பட்டது நமக்கு உறைத்தது. நாட்டின் வாக்கு விற்கப்பட்டது உறைக்கவில்லை. அதேவேளை, பிறகு சிறிசேன நாடாளுமன்றத்தையும் கலைத்ததை எதிர்த்து உயர் நீதிமன்றம் போன மனுக்களின் முன்வரிசையில் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் இருந்தார். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமித்துக் கலைப்பு செல்லாது என்றார்கள். அதைத் தன் வெற்றி என்று நம் ஊரில் யார் கொண்டாடினார்கள்?

அந்தக் கதிரைச் சண்டை நீடித்த ஐம்பத்தொரு நாட்களுக்குள்தான், நவம்பர் 30 அதிகாலை, வவுணதீவில் காவலுக்கு நின்ற இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், ஒருவர் சிங்களவர். பழி உடனே முன்னாள் போராளி ஒருவர் மேல் விழுந்தது. அவர் ஐந்து மாதத்துக்கு மேல் தடுத்துவைக்கப்பட்டார். உண்மையில் அதைச் செய்தது சஹ்ரானின் கூட்டம் என்பது, 2019 ஏப்ரல் 21இல் அதே கூட்டம் சீயோன் தேவாலயத்தில் வெடிக்கவைத்த குண்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர், அவர்களில் பல சிறுவர், செத்த பிறகே தெரிந்தது. கதிரைச் சண்டையின் தொடர்ச்சியாகப் பிரதமரும் பொலிஸ் மா அதிபரும் தேசிய பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படாமலே இருந்த காலம் அது. கொழும்பில் ஆட்சி ஆடினால் இங்கே பிரேதம் விழும். ஆர் வந்தாலும் ஒன்று என்பது பொய்.

வேறு நாட்டுச் சனம் இப்படி இருக்கவில்லை. 2024 டிசம்பர் 3 இரவு தென்கொரிய ஜனாதிபதி இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது, சனம் உடுத்த உடுப்போடு நாடாளுமன்ற வாசலுக்கு ஓடியது. உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போய் 190 வாக்குகளால் அதை நிராகரித்தார்கள். ஆறு மணித்தியாலத்தில் முடிந்தது. அவர்கள் ஓடியதற்குக் காரணம் 1980இன் குவாங்ஜு. படை சுட்ட அந்த நாட்களை அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மியன்மாரில் 2021இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சட்டி தட்டித் தட்டிக் கை ஓய்ந்த சனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களும் வீட்டுக்குள் இருக்கவில்லை.

நமக்கும் வாசலில் இருந்த வரலாறு உண்டு. கச்சேரி கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்குப் போய்விட்டது. அந்த வாசலில் 1961இல் இருந்தவர்களில் இப்போது மிஞ்சியவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள். யார் யார் வந்தார்கள், பெண்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், சோறு யார் வீட்டில் ஆக்கினார்கள், படை வந்த அன்று என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். ஆகவே வாசகர்களைக் கேட்கிறோம்: உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த மாதத்துக்குள் அவர் பக்கத்தில் இருந்து, அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். தமிழரோ முஸ்லிமோ, எந்தக் கரையோ, யார் சொன்னாலும் வரும் இதழ்களில் பெயரோடு போடுவோம்.