வேளாங்கண்ணிக்கு ஏழு நாள்

ஆகஸ்ட் 29 அன்று பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோயிலில் கொடி ஏறுகிறது. அதே நாளில் வேளாங்கண்ணியிலும் ஏறுகிறது. செப்டம்பர் 8 வரை இரண்டு ஊரிலும் ஒரே நவநாள், ஒரே காவி உடை, ஒரே தேர்க் கூட்டம். 1882-இல் அர்ச்சிக்கப்பட்ட நம் கோயில் தந்த பழக்கம் இது: ரசல் மார்க்கெட்டைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடற்கரை என்றால் முதலில் வாயில் வருவது வேளாங்கண்ணிதான். ஆனால் அங்கே நாம் போய்வரும் விதம் சரியில்லை. வெள்ளி இரவு வேன் ஏறி, சனிக்கிழமை மாதாவைக் கும்பிட்டு, மாலையில் நாகூர், மறுநாள் திருநள்ளாறும் கும்பகோணமும் பார்த்து, திங்கள் விடியலில் வீடு சேர்கிறோம். போக ஏறத்தாழ 450 கிலோமீட்டர், வர அதே அளவு. இதில் கடலுக்குக் கிடைப்பது ஒரு மணியோ இரண்டு மணியோ. ஒரே ஊரில் அறை எடுத்து ஏழு நாள் தங்க வேண்டும், அதில் மூன்று நாளாவது எங்கும் கிளம்பாமல் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

செலவுக்கு எங்கே போவது என்று முதல் கேள்வி வரும். வேன் பயணத்தின் செலவைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பகுதி ஓடிய கிலோமீட்டருக்கும் டிரைவர் படிக்கும்தான் போயிருக்கும். ரயிலில் தஞ்சாவூர் வரை போய், அங்கிருந்து பஸ்ஸில் நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி சேர்ந்தால் அந்தச் செலவு வெகுவாகக் குறையும். அங்கே பக்கத்து ஊர்களுக்கு டவுன் பஸ் உண்டு; சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மிச்சமாகும் பணம் அறை வாடகைக்கு ஆகும். அன்றாடக் கூலிக்காரரும் கடை வைத்திருப்பவரும் ஏழு நாள் வருமானத்தை விட முடியாது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அதை நான் தட்டிவிடவில்லை. வருஷம் தவறாமல் இரண்டு நாள் ஓடுவதற்குப் பதில், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏழு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இழக்கும் வேலைநாள் கிட்டத்தட்ட அதேதான். ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு.

நேர்ச்சை செலுத்தப் போகிற இடத்தில் ஊர் சுற்றுவதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். நேர்ச்சையே நிதானம் கேட்கிற காரியம். அங்கே மணலில் முழங்காலிட்டு வருகிறவரைப் பாருங்கள், அவருக்கு அவசரம் உண்டா? பெங்களூரிலிருந்து நடந்து போகிறவர் நாளைக்கு 40 கிலோமீட்டர் நடந்தாலும் வழியிலேயே பதினொரு நாள் ஆகிவிடும். வேனில் போகிறவருக்கு மட்டும் ஏன் இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட வேண்டும்?

பிள்ளைகளுக்குச் சலிக்கும் என்ற பயமும் வேண்டாம். வடக்கே ஒன்றரை மணிப் பயணத்தில் தரங்கம்பாடி. 1620-இல் டேனியர்கள் கோட்டை கட்டிய ஊர்; 1706-இல் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கி, தெருப் பள்ளியில் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்ற ஊர். அவருடைய புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே தமிழில் அச்சாகி முடிந்தது. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள்; தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் வளர்ந்த வயதில் நம் எழுத்தைக் கற்ற இடத்தில் அவர்களை நிறுத்துவது, வீட்டில் நூறு முறை கண்டிப்பதைவிட மேல். தெற்கே வேதாரண்யம். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய கரை அது; உப்பளங்களில் இன்றும் வேலை நடக்கிறது. அதைத் தாண்டினால் கோடியக்கரை, வெளிமான் திரியும் காடு. மேற்கே கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த ஊர். உல்லாசத்துக்குப் போகும் இடமல்ல; விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளை அந்த நினைவிடத்துக்கு அழைத்துப் போவது நம் கடமை என்றே சொல்வேன். நாகூர் தர்காவுக்கு ஒரு மாலை போதும். ஆக வெளியே போக நான்கு நாள். மற்ற மூன்றும் கடலுக்கு.

எந்த ஏழு நாள் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். திருவிழா நாட்களில் அறை கிடைப்பதே பாடு. கோடை விடுமுறையில் வெயில் ஒருபக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் வரத்தும் குறைவு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் பிடித்தால் டிசம்பர் வரை இழுக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பக்கம்தான். மிஞ்சுவது தசரா விடுமுறை. கர்நாடகப் பள்ளிகளுக்கு அது இரண்டு வாரத்துக்குக் குறையாது. திருவிழாக் கூட்டம் வடிந்திருக்கும், மழை இறங்கியிருக்காது. கோடியக்கரையில் பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க அது சற்று முந்திய காலம்தான். அந்தக் குறையை ஏற்கலாம்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கடலில் பிள்ளைகள் தனியாக இறங்கக் கூடாது. இன்று தண்ணீர் எப்படி என்று கரையில் வலை பிரிக்கிறவரைக் கேட்ட பிறகே பெரியவர்களும் இறங்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது இந்தக் கரையில் யாத்திரிகர்கள் கூட்டமாக இறந்தார்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடுத்தது அடுப்பு. அறையில் ஸ்டவ் பற்றவைத்து மூன்று வேளையும் சமைத்தால், வீட்டுப் பெண்களுக்கு அது விடுமுறையே இல்லை. சமையலறை மட்டும் கடற்கரைக்கு மாறியிருக்கிறது. மதியச் சாப்பாடு மெஸ்ஸில், மாலைக்குக் கரையோரக் கடையில் வறுத்த மீன் என்று முதலிலேயே முடிவெடுங்கள். திட்டம் போடும்போது சமைக்கிறவரையும் கூட உட்காரவையுங்கள்.

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. தசராவுக்குப் போக நினைப்பவர்கள் ஜூலை மாதமே காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.