தாளம் தப்புவது யாரால்?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் கடைக்குப் போகிறார்கள். "நல்ல சவுண்ட் கார்டாகக் கொடுங்கள்" என்கிறார்கள். கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் திருப்பிக் காட்டுகிறார். அதில் 192 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் 96. இன்னொன்றில் 48.

எண் பெரிதாக இருந்தால் பாட்டு நன்றாக இருக்குமா? இருக்காது! அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு.

அந்த எண் எதைக் குறிக்கிறது? குரலை ஒரு விநாடிக்குள் எத்தனை ஆயிரம் தடவை அளந்து எழுதுகிறது என்பதைக் குறிக்கிறது. சி.டி. தட்டில் உள்ள பாட்டு விநாடிக்கு 44,100 தடவை அளந்தது. வீடியோவுக்கு 48,000 தடவை. மனிதக் காதுக்கு எட்டும் மிக உச்சமான ஒலி விநாடிக்கு 20,000 அதிர்வுதான். அதைப் பிடிக்க 40,000க்குக் கொஞ்சம் மேலே அளந்தால் போதும். 1,92,000 தடவை அளந்தால் கம்ப்யூட்டரில் நாலு மடங்கு இடம் அடைபடும். கேட்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

24 பிட் என்றும் போட்டிருப்பார்கள். அது தேவைதான். ஆனால் இப்போது விற்கும் நல்ல பெட்டிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

உள்ளேயா, வெளியேயா?

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் "சவுண்ட் பிளாஸ்டர்" என்ற கார்டை வெளியிட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குச் சத்தம் கொடுத்துப் புகழ் பெற்ற கார்டு அது. கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே செருக வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் "கார்டு" என்று சொல்கிறார்கள்.

பாட்டுப் பதிவுக்கு அது ஏற்றதல்ல. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்குதான். கம்ப்யூட்டருக்குள்ளோ ஒரே மின்சாரச் சந்தை! அந்த இரைச்சல் குரலோடு கலந்துவிடும்.

ஆகவே, மேஜை மேல் தனியாக வைத்து யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கும் பெட்டியே நல்லது. இதற்கு இன்டர்பேஸ் என்று பெயர். கைதட்டல், சிரிப்புச் சத்தத்துக்கெல்லாம் வண்ண வண்ணப் பொத்தான் வைத்த மலிவுப் பெட்டிகளும் விற்கின்றன. அவை செல்போனில் நேரலை பேசுகிறவர்களின் விளையாட்டுச் சாமான்கள். பாட்டுக்கு ஆகாது.

பெட்டியில் "48 வி" என்ற பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது முன்னே சொன்ன 48 அல்ல. 48 வோல்ட் மின்சாரம். ஸ்டூடியோக்களில் வைத்திருக்கும் கண்டன்சர் மைக் வேலை செய்ய இந்த மின்சாரம் வேண்டும்.

அந்தப் பெண் மேல் குற்றமில்லை

இனிதான் முக்கியமான விஷயம்.

நன்றாகப் பாடும் ஒரு பெண் வீட்டில் இருக்கிறாள். கோவிலில் பாடுவாள், பள்ளி விழாவில் பாடுவாள். எங்கும் தாளம் தப்பியதில்லை. அவளை ஹெட்போன் மாட்டிக் கம்ப்யூட்டர் முன் பாட வைக்கிறார்கள். தாளம் ஓடிவிடுகிறது! "கவனமாகப் பாடும்மா" என்கிறார் அப்பா. "சாதகம் போதாது" என்கிறார் பாட்டி. நாலு தடவை பாடுகிறாள். நாலு தடவையும் அப்படியே. மறுநாள் மைக் பக்கமே அவள் வருவதில்லை.

பல வீடுகளில் இப்படி நடக்கிறது. குற்றம் அவள் மேல் இல்லை. பெட்டி மேல்!

அவள் குரல் மைக்கில் நுழைகிறது. பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. திரும்பி வந்து ஹெட்போனில் கேட்கிறது. கம்ப்யூட்டர் அந்த அளவுகளை ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. கூடை நிரம்பினால்தான் தூக்குகிறது. கூடைக்கு 1,024 அளவு என்று வைத்திருந்தால், போக 23 மில்லி செகண்டு, வர 23 மில்லி செகண்டு ஆகும். மில்லி செகண்டு என்றால் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இது ஒரு தாமதமா என்று கேட்கலாம். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். 46 மில்லி செகண்டு என்றால் ஏறக்குறைய 16 மீட்டர். தன் குரலே தெருக்கோடியிலிருந்து வருவது போல அவளுக்குக் கேட்கிறது. யார் பாடினாலும் தடுமாறத்தான் செய்வார்கள்!

கூடையை 128 ஆகச் சுருக்கினால் தாமதம் 6 மில்லி செகண்டு அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்பது மாதிரி. பாடலாம். ஆனால் சின்னக் கூடையை விடாமல் தூக்க நல்ல டிரைவர் வேண்டும். டிரைவர் என்பது பெட்டியையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் புரோகிராம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் "ஏசியோ" வகை டிரைவர்தான் இதற்கு ஏற்றது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-ல் கொண்டு வந்தது அது. பெட்டி செய்த கம்பெனியே தன் பெட்டிக்கென்று ஏசியோ டிரைவர் கொடுக்கிறதா? கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. 192-ஐப் பற்றி அல்ல.

"டைரக்ட் மானிட்டர்" என்ற பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சுற்றாமல், பெட்டியிலிருந்தே நேராகக் காதுக்கு வந்துவிடும்.

எத்தனை மைக்?

ஒருவர் மட்டும் பாடி, பிறகு கீபோர்டு, கிதார் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதானால் இரண்டு மைக் வாசல் போதும். சினிமாப் பாட்டுக்கு அதுவே தாராளம்.

கர்நாடக சங்கீதம் அப்படியல்ல. பாடுகிறவர் கற்பனாஸ்வரம் பாட, வயலின் பதில் சொல்ல வேண்டும். மிருதங்கம் அந்த நிமிடமே கூட வர வேண்டும். தனித்தனியாக எடுத்து ஒட்டினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கச்சேரியாகிவிடும். குரலுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று. ஆக நாலு வாசல். இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் இரண்டு வாசல் பெட்டி வாங்கிச் சிக்கனம் பிடித்தால், அடுத்த வருஷம் இன்னொரு பெட்டி வாங்க நேரிடும்.

பணம் எங்கே போகவேண்டும்?

கையில் ரூ.20 ஆயிரம் இருந்தால், பெட்டிக்குப் பாதிக்கு மேல் போகக் கூடாது. மீதி மைக்குக்கும், ஸ்டாண்டுக்கும், ஹெட்போனுக்கும். குரலை முதலில் வாங்குவது மைக். அது மோசமானால் எந்தப் பெட்டியும் சரி செய்யாது.

பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் வாங்கிவிடுகிறார்கள். அதில் "பயர்வயர்" இணைப்பு இருந்தால் தொடவே வேண்டாம். புதிய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது.

வீட்டில் எடுத்தால் தரம் வராது என்று சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்கப் பாடகி பில்லி எய்லிஷின் முதல் ஆல்பத்தை அவருடைய அண்ணன் பினியஸ் பெரும்பாலும் தம் வீட்டுப் படுக்கையறையில்தான் பதிவு செய்தார். 2019-ல் வெளிவந்த அந்த ஆல்பத்துக்கு 2020 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசு கிடைத்தது.

படுக்கையறையில் ஒரு வசதி உண்டு. மெத்தை, தலையணை, துணி அலமாரி எல்லாம் எதிரொலியை விழுங்கிவிடும். வெறும் சுவர் உள்ள கூடத்தை விட அது எவ்வளவோ மேல். பாடும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வேர்க்கும். ஒரு பாட்டு ஐந்து நிமிடம்தானே!