இரண்டும் சரி, நடுவில்தான் தகராறு!

பாடம் தயார். ஆசிரியர் தயார். பிள்ளையும் தலை வாரி, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, செல்போன் முன்னால் உட்கார்ந்துவிட்டான். மணி ஒன்பது.

ஆனால் வகுப்பு நடக்கவில்லை!

திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், "இணைக்க முடியவில்லை" என்று ஒரு வரி வந்து நிற்கிறது.

"போனை என்னடா செய்தாய்?" என்று தாய் அதட்டுகிறாள்.

"நான் ஒன்றும் செய்யவில்லை, அம்மா!" என்கிறான் மகன்.

பல நேரங்களில் மகன் சொல்வதே உண்மை. கோளாறு அவன் கையில் இல்லை. ஆசிரியர் கையிலும் இல்லை. இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே இருக்கிறது. அந்த நடுவிடத்தைக் கவனிக்க ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆள் வேண்டும். இதுவே நம் கட்சி.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியது. வீடே பள்ளிக்கூடம் ஆயிற்று. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஒரு வரம்பு வகுத்தது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை நாளைக்கு இரண்டே பாடவேளை. ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். 9 முதல் 12 வரை நான்கு பாடவேளை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளைக்கு நாள் முழுவதும் கிடைத்ததே, மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரம்தான். அதில் ஒரு பாடவேளை இணைப்புத் தகராறில் போனால், அன்றையப் படிப்பில் பாதி போயிற்று! கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பிள்ளைகள் இழந்ததை ஈடுகட்டத் தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் அது தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே வந்து சொல்லிக் கொடுத்தார்கள்.

"கொரோனாதான் போய்விட்டதே! இனி எதற்கு இந்தப் பேச்சு?" என்று சிலர் கேட்கலாம்.

கடலூர் மாவட்டத்துக்காரர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை. மழை வந்தால் விடுமுறை. விடுமுறை நாளில் பாடம் நடத்த இந்த வழி கைகொடுக்கும். வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படிப்பவர்களுக்கும் இதே வழிதான். ஆகவே, விஷயம் பழசு ஆகவில்லை.

பாடக்கூடம், பேச்சுக்கூடம்

முதலில் இந்த இரண்டு இயந்திரங்கள் எவை என்று பார்ப்போம்.

ஒன்றைப் பாடக்கூடம் என்று சொல்லலாம். பாடம், வீட்டுக் கணக்கு, தேர்வு, மதிப்பெண் எல்லாம் அதில் இருக்கும். மற்றொன்று பேச்சுக்கூடம். ஆசிரியர் முகமும் குரலும் வருவது அதன் வழியாக. இரண்டும் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள். ஒன்று சென்னையிலும் மற்றொன்று வெளிநாட்டிலும்கூட இருக்கலாம்.

பாடக்கூடத்துக்கு உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஒன்று 'மூடில்'. மார்ட்டின் டூகியாமாஸ் என்ற ஆஸ்திரேலியாக்காரர் உண்டாக்கியது. அவர் சிறுவனாக இருந்தது பாலைவனப் பகுதியில். பக்கத்தில் பள்ளிக்கூடமே கிடையாது. ரேடியோ மூலம் பாடம் கேட்டு வளர்ந்தவர். அவர்தான் 2002-ஆம் ஆண்டில் மூடிலின் முதல் பதிப்பை வெளியிட்டார்.

பேச்சுக்கூடங்களில் ஒன்றின் பெயர் 'பிக்புளூபட்டன்'. கனடாவில் ஒட்டாவா நகரத்துக் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007-இல் பிறந்தது. இரண்டையும் காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2022-இல் மூடிலின் நான்காம் பதிப்பு வந்தபோது, பிக்புளூபட்டனோடு பேசும் வசதியும் அதிலேயே சேர்ந்து வந்தது. வேறு பெயருள்ள கூடங்களும் உண்டு. பெயர் எதுவானாலும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான்.

முத்திரை சரியா?

பிள்ளை 'வகுப்பில் சேர்' என்ற பொத்தானைத் தொடுகிறான். உடனே பாடக்கூடம், பேச்சுக்கூடத்துக்கு ஒரு சீட்டு அனுப்புகிறது. "இவன் எங்கள் மாணவன். உள்ளே விடுங்கள்" என்பது சீட்டின் பொருள்.

யார் வேண்டுமானாலும் இப்படிச் சீட்டு எழுதலாமே! அதனால் இரண்டு கூடங்களும் ஓர் இரகசியச் சொல்லை வைத்திருக்கின்றன. அந்தச் சொல்லைச் சீட்டில் எழுதுவதில்லை. சீட்டையும் சொல்லையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, அதில் வரும் விடையை முத்திரையாகக் குத்துகின்றன. பேச்சுக்கூடமும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். முத்திரை ஒத்திருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது.

இரகசியச் சொல்லில் ஓர் எழுத்து மாறினால் போதும். கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும். முத்திரை மாறிவிடும்! பேச்சுக்கூடத்தைப் புதிதாக நிறுவினால் இரகசியச் சொல்லும் புதிதாகிவிடும். புதிய சொல்லைப் பாடக்கூடத்தில் எழுத யாராவது மறந்தால், அத்தனை பிள்ளைகளும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

பாடக்கூடத்தின் ஆசாமி, "எங்களிடம் எல்லாம் சரி" என்பார். பேச்சுக்கூடத்தின் ஆசாமியும் அதையே சொல்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டைப் பார்த்தார்கள். நடுவே இருக்கும் வாசலை யாரும் பார்க்கவில்லை.

நெய்வேலி சொல்லும் பாடம்

இந்த விஷயத்தை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-இல் கம்பெனி ஏற்பட்டது. 1957 மே 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

சுரங்கத்தில் ராட்சதச் சக்கர இயந்திரம் நிலக்கரியை வெட்டுகிறது. தூரத்தில் மின்நிலையத்தின் உலை எரிகிறது. இரண்டுக்கும் நடுவே ஓடுவது எது? கன்வேயர் பெல்ட்! வெட்டும் இயந்திரம் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? உலை எவ்வளவு சூடாக இருந்தால் என்ன? நடுவே பெல்ட் நின்றுவிட்டால் உலைக்குத் தீனி இல்லை.

பெல்ட்களை ஓட்டத் தொடங்குவதில் ஒரு முறை உண்டு. கடைசி பெல்ட்டைத்தான் முதலில் ஓட்டுவார்கள். பிறகு அதற்கு முந்தியது. பிறகு அதற்கும் முந்தியது. முதல் பெல்ட்டை முதலில் ஓட்டினால், அடுத்தது நிற்கும் இடத்தில் நிலக்கரி மலையாகக் குவிந்துவிடும் அல்லவா?

இன்னொன்றும் நினைவு இருக்கட்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் பிறக்கும் நெய்வேலி இருக்கும் அதே மாவட்டத்தில், கிராமம் கிராமமாக நாட்கணக்கில் இருட்டு! மின்நிலையம் இருந்தும் பயன் இல்லை. வீட்டுக்கு வரும் கம்பி அறுந்து கிடந்தது.

எங்கே பழுது? இப்படிப் பாருங்கள்

இணைப்புத் தகராறையும் பெல்ட் முறையில், கடைசி முனையிலிருந்து பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பு தெரிகிறதா?"

அவனுக்குத் தெரிகிறது, நம் பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை என்றால், பழுது நம் வீட்டில். நெட் இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கைப் பயன்படுத்தச் செல்போன் அனுமதி கேட்டபோது 'வேண்டாம்' என்று தொட்டுவிட்டானா என்று பாருங்கள். நெட் மெதுவாக இருந்தால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். படம்தான் நெட்டை அதிகம் தின்னும்.

யாருக்குமே தெரியவில்லையா? பிள்ளையைத் திட்டாதீர்கள். பழுது பள்ளிக்கூடத்துப் பக்கம். அங்கே இருப்பவர் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பேச்சுக்கூடத்தின் முகவரியை நேராகத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்தச் சர்வரே படுத்துவிட்டது. அல்லது அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது.

இரண்டாவது, அது திறந்தால், முகவரியையும் இரகசியச் சொல்லையும் எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

மூன்றாவது, வகுப்பு திறக்கிறது, ஆனால் முகமும் இல்லை, குரலும் இல்லை என்றால், அது கதவுத் தகராறு. கம்ப்யூட்டர்களுக்குக் கதவு எண்கள் உண்டு. பக்கம் திறப்பது 443-ஆம் கதவு வழியாக. பிக்புளூபட்டனில் குரலும் படமும் வருவது 16384 முதல் 32768 வரையுள்ள வேறு கதவுகள் வழியாக. அலுவலகங்களில் காவலுக்கு வைக்கும் ஃபயர்வால் அந்தக் கதவுகளை மூடியிருக்கும். அவற்றைத் திறக்க வேண்டும். முடியாவிட்டால், குரலை 443-ஆம் கதவு வழியாகவே வாங்கிக் கொடுக்க நடுவே ஒரு தரகர் சர்வர் வைக்கலாம்.

நான்காவது, எத்தனை பேருக்கு இடம் என்று பாருங்கள். மூடிலோடு சேர்த்துச் சோதனைக்காக ஓர் இலவசப் பேச்சுக்கூடத்தைக் கொடுத்தார்கள். ஒரு வகுப்புக்கு 60 நிமிடம், 25 பேர் என்று அதற்கு வரம்பு வைத்தார்கள். சோதனைக்கு அது போதும். 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு அதையே வைத்துக்கொண்டால் என்ன ஆகும்?

26-ஆவது பிள்ளை யார்?

26-ஆவதாக வரும் பிள்ளை வெளியே நிற்கும். அது யாருடைய பிள்ளையாக இருக்கும்?

வீட்டில் கம்ப்யூட்டரும் நல்ல நெட்டும் உள்ள பிள்ளை முந்திக்கொள்ளும். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து போனைக் கொடுக்கும் வரை காத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைதான் பிந்தி வரும். வட்டம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "நமக்குத்தான் படிப்பு வரவில்லை போலிருக்கிறது" என்று அது நினைத்துக்கொள்ளும். இயந்திரக் கோளாறு, பிள்ளையின் தலையெழுத்து ஆகிவிடுகிறது. கொடுமை அல்லவா இது?

ஆகவே, நாம் கேட்பது நான்கே விஷயங்கள்.

ஒன்று: இணைப்புக்குப் பொறுப்பான ஒருவரின் பெயரும் போன் நம்பரும் பெற்றோர் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு: வகுப்புக்கு அரை மணி முன்னால் அவர் சோதித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு உள்ளே இருந்து அல்ல. வெளியே, சாதாரணச் செல்போனில், சாதாரண நெட்டில். உள்ளே திறக்கும் கதவு வெளியே இருப்பவனுக்கு மூடியிருக்கலாம்.

மூன்று: பத்து நிமிடத்தில் இணைப்பு வராவிட்டால், பாடத்தைக் குரலாகப் பதிவு செய்து அனுப்பிவிட வேண்டும்.

நான்கு: இணைப்புக் கோளாறால் வர முடியாத பிள்ளைக்கு 'ஆப்சென்ட்' போடக் கூடாது.

"ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். இது வேறா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆசிரியர் தலையில் இதைக் கட்டவே கூடாது. நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். நெய்வேலியில் இயந்திரம் அறிந்தவர்களுக்குப் பஞ்சமா? ஓய்வு பெற்ற என்ஜினீயர்கள் எத்தனை பேர்! படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் எத்தனை பேர்! வாரத்தில் சில மணி நேரம் போதும்.

நெய்வேலியில் நிலக்கரியை எடுப்பதற்குப் பூமிக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வேலையை ஒரு நாள் நிறுத்தினாலும் சுரங்கத்துக்கு ஆபத்து. அதற்கும் ஆள் இருக்கிறது. பெல்ட்டுக்கும் ஆள் இருக்கிறது.

நிலக்கரி நின்றுவிடக் கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிற ஊரில், பிள்ளைகளின் பாடம் நின்றுவிடாமல் பார்க்க ஓர் ஆள் வைப்பது பெரிய காரியமா?