வண்ணக் கலத்தின்மேல் எழுதியிருப்பது யாருக்கு?

சீருந்துக்கு வண்ணந் தெளித்தலைக் கைத்திறன் என்றே பலரும் கருதுகின்றனர். தெளிப்பியை ஏந்திய கை இடமும் வலமுமாய் வீசும் அழகே அவர்தம் கண்ணிற் படுகின்றது. உண்மையில், அப்பூச்சு நிற்குமா உரியுமா என்பது கலக்கும் குவளையிலேயே பெரிதும் முடிவாகிவிடுகின்றது. அதனினும் பெரியதொன்றும் அங்கேயே முடிவாகின்றது. அது கலக்குபவனின் மூச்சு.

ஒடுக்கு விழுந்த தகட்டைத் தட்டி நேராக்கி, பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பின்னர் முதற்பூச்சு வருகின்றது. பட்டறையில் இதனைப் 'பிரைமர்' என்பர். கீழே இரும்பையும் மேலே வண்ணத்தையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும் இடைப்பிடி இது. இன்று பெரிதும் வழங்கும் இருகூட்டுப் பூச்சுகளில் இதனுடன் இறுக்கியைச் சேர்த்தல் வேண்டும். 'ஆர்டனர்' என்று பணியாளர் அறிந்தது அதுவே. முதற்பூச்சு நான்கு பங்கிற்கு இறுக்கி ஒரு பங்கு, மேலே அடிக்கும் தெளிபூச்சு இரண்டு பங்கிற்கு ஒரு பங்கு என்பன பரவலாகக் காணும் அளவுகள். ஆயினும் உருவாக்குநர்க்கு உருவாக்குநர் இவை மாறும். இறுக்கி குறைந்தால் பூச்சு உள்ளே இளகியே கிடந்து, அடுத்த பூச்சு பட்டதும் சுருண்டெழும். மிகுந்தாலோ நொறுங்குந் தன்மை பெறும். 'தின்னர்' எனப்படும் நீர்ப்பியிலும் வெயிற்காலத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என வகையுண்டு. சித்திரை வெயிலில் விரைந்துலரும் நீர்ப்பியைச் சேர்த்தால், துளிகள் தகட்டை அடையுமுன்னரே காயத் தொடங்கி, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். பதம் பார்ப்பதற்கென்றே அடியில் 4 மில்லிமீட்டர் துளையிட்ட கிண்ணம் உண்டு. நிரப்பிய பூச்சு அதனின்று ஒழுகி முடியும் நொடிகளை எண்ணுதல் வேண்டும்.

எத்துணைப் பட்டறைகளில் அக்கிண்ணம் இருக்கின்றது? கோலைத் தோய்த்துத் தூக்கி, வழியும் ஒழுக்கைக் கண்டு பதஞ்சொல்லும் மூத்தவரே அங்குக் கிண்ணம். அவர்தம் கண்ணளவையை இகழ்தல் தகாது. 1920-களில் அமெரிக்காவின் தியூபாண்டு நிறுவனம் ஆக்கிய நைட்ரோசெல்லுலோசு வண்ணம், வாரக்கணக்கில் இழுத்த வேலையை மணிக்கணக்கிற் சுருக்கியது. அவ்வகை வண்ணம் நீர்ப்பி பறந்தாலே உலர்ந்துவிடும். அளவு சற்றுப் பிசகினும் இன்னொரு முறை அடித்துச் சரிசெய்யலாம். அதற்குக் கண்ணே போதும். அதிற் பழகிய கண்தான் இன்று இருகூட்டுப் பூச்சையும் அளக்கின்றது. இங்குக் குவளைக்குள் நிகழ்வதோ வேதிவினை. அதனைக் கண் அறியாது.

மூக்கும் அறியாது என்பதுதான் கொடுமை. இறுக்கியில் இருப்பது பெரும்பாலும் ஐசோசயனேட்டு. 1984 திசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அஃது எளிதில் ஆவியாவது. இறுக்கியிலுள்ளது அத்துணை எளிதில் ஆவியாவதன்று. எனினும் தெளிப்பி அதனை நுண்துளியாக்கி நேரே நுரையீரலுக்குள் ஏற்றிவிடுகின்றது. விளைவு ஈளைநோய். ஒருமுறை பற்றிவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு இழுக்கும். தீங்கு செய்யும் அளவில் அதற்கு நெடியே தெரிவதில்லை. முகத்திற் கட்டும் கைக்குட்டையும் துகள் தடுக்கும் துணிமூடியும் இதற்கு உதவா. தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் முகமூடியே வேண்டும். தெளித்து முடித்தவுடன் அதனைக் கழற்றுவதும் தவறு. கண்ணுக்குப் புலப்படாத மூட்டம் அறையில் இன்னும் நிற்கும்.

இவையெல்லாம் கலத்தின்மேல் எழுதப்படாமல் இல்லை. எறும்பு போன்ற எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதப்பட்டுள்ளன. இளமையிலேயே பள்ளியை விட்டுப் பட்டறைக்கு வந்தவனுக்கு அதனாற் பயன் யாது? 'எழுதிவிட்டோம்' என்று விற்பவர் கைகழுவிக்கொள்ளவே அது உதவும். வண்ணம் வாங்குக என்று சுவரெல்லாம் தமிழில் எழுதத் தெரிந்தவர்க்கு, மூச்சைக் காத்துக்கொள்க என்று எழுதத் தமிழ் கிடைக்கவில்லையா?

கலைச்சொல் இல்லை என்பர் சிலர். உப்புத்தாளும் ஒடுக்கும் பட்டறையில் நாள்தோறும் வழங்குவனவே. இறுக்கி, நீர்ப்பி என்பன நிலைபெறச் சில காலம் ஆகலாம். அதுவரை ஆர்டனர், தின்னர் என்றே அச்சிட்டாலும் குடி முழுகிவிடாது. பணியாளனுக்குக் கிட்டாதது பெயரன்று; அளவும் எச்சரிக்கையுமே.

முன்மாதிரியும் இல்லாமலில்லை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்துடன் வைக்கும் துண்டறிக்கை வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும் என்கின்றன. உழவர்க்குச் செய்ததை வண்ணந் தெளிப்பவர்க்குச் செய்ய என்ன தடை? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகத்து 24 முதல், 0.1 விழுக்காட்டுக்கு மேல் இரு-ஐசோசயனேட்டு உள்ள பொருள்களைப் பயிற்சி பெறாதவர் தொழிலிற் கையாளுதல் கூடாது. ஈண்டு அத்தகு பயிற்சி வரும்வரை, கலத்தின் முகப்பில், பெரிய எழுத்தில், தமிழில் நான்கு வரிகளேனும் வேண்டும்: எத்தனை பங்கிற்கு எத்தனை பங்கு, கலந்தபின் எவ்வளவு நேரத்துக்குள் அடித்து முடிப்பது, எந்த முகமூடி, மூச்சு இழுத்தால் வேலையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்க, போகும்போது இக்கலத்தையும் கொண்டுபோய்க் காட்டுக.